கேட்டுப் பார்க்கேலாதோ?

எங்கட ஊரில் பெரியாக்கள் வீடியோ கேம் பற்றிக் கதைப்பது ஒரே ஒரு விதமாகத்தான். "அந்தப் பெடியன் பப்ஜி விளையாடிக் கெட்டுப்போனான்." ஏ.எல் றிசல்ட் சரிவராட்டிலும் பப்ஜி, கண்ணாடி போட்டாலும் பப்ஜி. அதுக்கு அங்கால கதை இல்லை. கேம் என்றால் ஒளிச்சு விளையாடுகிற சாமான், இருபது வயதோடு தானாக விட்டுப்போகவேண்டிய பழக்கம் என்றுதான் நாங்களும் கனகாலம் நினைத்திருந்தோம்.

அதை மாற்றியது கேம் இல்லை, கேமைப் பற்றிக் கதைக்கிற ஆக்கள். 2022 இல் ஏ.எல் எழுதிவிட்டு வீட்டில் காத்திருந்த நேரம், பங்குனி முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. லாப்டொப் செத்துப்போய்க் கிடக்கும். போனில் மிச்சமிருக்கிற சார்ஜில் பாட்டோ பொட்காஸ்டோதான் கேட்கலாம். எங்களில் ஒருத்தன் அப்படித்தான் அமெரிக்க கேம் பொட்காஸ்டுகளுக்குள் விழுந்தான். பிறகு கம்பஸ் வந்து, ஒரே போர்டிங் அறையில் நாலு பேர் சேர்ந்தபோது மற்ற மூன்று பேருக்கும் அந்த வருத்தம் தொத்திவிட்டது.

கதைக்கிற ஆக்களுக்கு நாற்பது வயது இருக்கும். வேலை, வாடகை, பிள்ளைகள் எல்லாம் இருக்கு. 'கேமர்ஸ் வித் ஜொப்ஸ்' என்றே ஒரு கூட்டம் தங்களுக்குப் பேர் வைத்திருக்கிறது. வேலைவெட்டி உள்ள விளையாட்டுக்காரர்! எங்கட வீட்டில் அந்தப் பேரைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் கேட்கிற கேள்விகள் வேறு. பிள்ளையை நித்திரையாக்கிப்போட்டு ஒரு மணித்தியாலம் விளையாடினால் ஏதாவது நகருமா? இடையில் நிறுத்தேலுமா? இந்தக் கதை வளர்ந்த ஒரு ஆளுக்குச் சொல்கிற கதைதானா, இல்லை ரத்தத்தைக் கூடக் காட்டுவதால் மட்டும் 'பெரியாக்களின் கேம்' ஆகிவிட்டதா? இரண்டு, மூன்று மணித்தியாலம் கதைப்பார்கள். தேத்தண்ணிக்கடை வாங்கில் இருந்து தேர்தல் கதைக்கிற மாதிரித்தான்.

அதுக்குள் அரசியலும் இருக்கு. 2007 இல் கேம்ஸ்பொட் தளத்தில் ஜெஃப் கேர்ஸ்ட்மன் என்ற விமர்சகர் 'கேன் அன்ட் லிஞ்ச்' என்ற கேமுக்குப் பத்துக்கு ஆறு கொடுத்தார். அதே தளத்தில் அதே கேமின் விளம்பரம் பெரிதாக ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளில் அவருக்கு வேலை போனது. என்ன நடந்தது என்று அவரால் வெளிப்படையாகச் சொல்ல முடிந்தது 2012 இல்தான். அதுக்கிடையில், 2008 இல், நண்பர்களோடு சேர்ந்து 'ஜயன்ற் பொம்ப்' தளத்தைத் தொடங்கி, வாராவாரம் கதைக்கத் தொடங்கிவிட்டார். ஒரு விளையாட்டுக்குப் போட்ட புள்ளிக்காக ஒருத்தருக்கு வேலை போகும் என்றால், அந்த எழுத்துக்குப் பெறுமதி இருக்கு என்றுதானே அர்த்தம்?

சரி, நாங்களும் தமிழில் ஒன்று செய்வம் என்று வெளிக்கிட்டோம். வெளிச்சத்தம் வராமல் இருக்கப் போர்வையால் மூடிக்கொண்டு, போனை நடுவில் வைத்து, வேர்த்து ஒழுக ஒழுக நாற்பத்தேழு நிமிடம் பதிந்தோம். திருப்பிக் கேட்டபோது வெட்கமாகப் போய்விட்டது. "கேம்பிளே சொலிட், ஸ்ரோரி ஹெவி." அமெரிக்காக்காரர் போல மூச்சுவிட்டு, அவர்கள் சிரிக்கிற இடத்தில் நாங்களும் சிரித்திருக்கிறோம். எங்கட சொந்தக் கேள்வி என்று ஒன்றுகூட அதுக்குள் இல்லை.

முதல் பகுதிக்கு நாங்கள் எடுத்தது 'திஸ் வோர் ஒஃப் மைன்'. போலந்தின் 11 பிட் ஸ்ரூடியோஸ் 2014 இல் வெளியிட்டது. தொண்ணூறுகளில் நடந்த சரயேவோ முற்றுகையை மனதில் வைத்துச் செய்தது. இதில் நீங்கள் துவக்கோடு ஓடுகிற ஆமிக்காரன் இல்லை. இடிந்த ஒரு வீட்டில் மாட்டுப்பட்ட சாதாரண சனம். பகலில் ஸ்னைப்பருக்குப் பயந்து உள்ளுக்குள் இருந்து சமைக்கலாம், கட்டில் செய்யலாம், காயத்துக்குக் கட்டுப் போடலாம். இரவில் ஒரு ஆள் வெளியில் போய்ச் சாமான் பொறுக்கவேண்டும். 2020 இல் போலந்து அரசு இதைப் பாடசாலை வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. நாங்கள் கேட்ட விமர்சனங்களில் திரும்பத் திரும்ப வந்தது ஒரு வீடு: தனியாக இருக்கிற வயதுபோன தம்பதியின் வீடு. உங்களுக்குப் பசி. அவர்களிடம் சாப்பாடும் மருந்தும் இருக்கு. களவெடுப்பீர்களா? இந்தத் 'தெரிவு' பற்றிச் சொல்லிச் சொல்லிப் பாராட்டினார்கள். எங்கட நாற்பத்தேழு நிமிடத்திலும் அதைத்தான் பாராட்டியிருந்தோம்.

ஒரு சனி ஞாயிறு எங்களில் ஒருத்தனின் கிளிநொச்சி வீட்டுக்குப் போனோம். மற்ற மூன்று பேருக்கும் அவ அன்ரி. விறாந்தையில் இருந்து கேமைத் திரும்ப விளையாடிக்கொண்டிருக்க, முருங்கையிலை உருவிக்கொண்டு பின்னுக்கு வந்து இருந்தா.

"இது எந்த ஊர்?"

கற்பனை ஊர் அன்ரி, சண்டைக்குள்ள மாட்டின சனம் என்றோம். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இவை ஏன் ஒரே வீட்டிலயே இருக்கினம்?"

எங்களுக்கு விளங்கவில்லை. அவ விரல் மடித்தா. "தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், மாத்தளன். ஒரு இடத்தில கிணறு எங்க இருக்கெண்டு பழக முதல் அடுத்த இடம். இவைக்கு அடுப்பெல்லாம் இருக்கு." அதுக்குப் பிறகு, "தண்ணி குடிக்க மாட்டினமோ?"

உண்மை. இந்தக் கேமில் பசி இருக்கு, வருத்தம் இருக்கு, கவலை இருக்கு. தாகம் இல்லை. சமையல் மாதிரியான வேலைகளுக்குத்தான் தண்ணீர். நாங்கள் கேட்ட ஒரு விமர்சகரும் அதைச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

கதவில் தட்டினார்கள். இரண்டு சின்னப்பிள்ளைகள், தாய்க்கு மருந்து கேட்டு. எங்களிடம் இருந்தது ஒரேயொரு மருந்து, எங்கட கத்யாவுக்கும் கடும் வருத்தம்.

"குடு தம்பி."

"குடுத்தா எங்கட ஆள் செத்துப்போம் அம்மா."

"குடு எண்டுறன்."

கொடுத்தோம்.

அன்றிரவு அந்த வயதுபோன தம்பதியின் வீட்டுக்குப் போனோம். நாங்கள் வழமைபோலப் பெருமையாக விளக்கினோம்: இந்த இடத்திலதான் அன்ரி முடிவெடுக்கவேணும், எடுக்கிறதா விடுகிறதா எண்டு. அவ திரையைப் பார்த்தபடி கேட்டா: "களவெடுக்க முதல் ஒருக்கால் கேட்டுப் பார்க்கேலாதோ?"

ஏலாது. அதுக்கு அந்த வீட்டில் வழி இல்லை. வேறு சில இடங்களில் பண்டமாற்றுச் செய்யலாம். இந்தக் கிழவரிடம் எடுக்கலாம், எடுக்காமல் திரும்பலாம். வாய் திறந்து "ஐயா, கொஞ்சம் சாப்பாடு இருக்கோ" என்று கேட்க ஏலாது. எங்கட சனத்தில் அரைவாசி தப்பினதே அப்படிக் கேட்டும் கொடுத்தும்தானாம். ஒரு சுண்டு அரிசியை மூன்று குடும்பம் கஞ்சியாக்கின கதையை இலை உருவி முடியுமட்டும் சொன்னா. அவவின் மகனுக்கே அது புதுக் கதை. அப்போது அவனுக்கு ஆறு வயது.

அவ குசினிக்குள் போன பிறகு கத்யா செத்துப்போனா. இரவு சாப்பாட்டுக்கு இருக்கும்போது, "அந்தப் பிள்ளைக்குச் சுகமோ?" என்று கேட்டா. ஓம் அன்ரி, சுகம் என்றோம்.

அடுத்த நாள் போனை நீட்டி, நேற்றுச் சொன்னதை ஒருக்கால் பொட்காஸ்டுக்குச் சொல்ல ஏலுமா என்று கேட்டோம். முகம் மாறிவிட்டது. "என்ர குரலைப் போடாதேங்கோ" என்றா. பஸ்ஸில் திரும்பும்போது எங்களுக்குள் பெரிய சண்டை. குரல் இல்லாமல் கேள்விகளை மட்டும் எடுத்துப் பாவித்தால் அதுவும் களவுதானே என்றான் ஒருத்தன். பேர் போடாமல் விட்டால் என்ன, விமர்சனம் விமர்சனம்தானே என்றான் மற்றவன். கடைசியில் மகனே போன் எடுத்துக் கேட்டான். இந்தமுறை கேட்டுத்தானே செய்கிறோம்.

"ஒரு அம்மா சொன்னவா எண்டு போடுங்கோ. காணும்."

இங்கே அப்படித்தான் போட்டிருக்கிறோம். பழைய நாற்பத்தேழு நிமிடத்தை அழித்துவிட்டோம், புதுசு இன்னும் பதியவில்லை. பத்துக்கு எத்தனை கொடுக்கிறதென்று அறைக்குள் அடிபாடு முடியவில்லை. அன்ரியிடமே கேட்டால் நாங்கள் கணக்குக் கேட்பதாக நினைப்பா.