கல்லில் ஏறாத பெயர்கள்

கடந்த கோடை விடுமுறையில் நம் பங்கு இளைஞர் சிலருடன் சென்னைக்குச் சென்றிருந்தோம். புளியறையின் மலையடிவாரத்தையும் வயல்வெளியையும் விட்டு அதிகம் வெளியே சென்றிராத பிள்ளைகள் அவர்கள். கடற்கரையைக் காட்டிவிட்டு, சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தருகே வந்தோம். அங்குள்ள விக்டோரியா மகாராணியின் சிலையைக் கண்டதும் ஒரு பையன் நின்றுவிட்டான்.

"சாமி, இந்த ராணி நம்ம பக்கம் வந்திருக்காங்களா?"

"இல்லை தம்பி. இந்தியாவுக்கே வந்ததில்லை."

"பிறகு எதுக்கு இங்க சிலை?"

உடனே விடை கூற நமக்கு இயலவில்லை.

1837 முதல் 1901 வரை, அறுபத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் அரியணையில் இருந்தவர் விக்டோரியா. அவரது ஆட்சியின் பொன்விழா ஆண்டான 1887-இல், விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த கோடே நாராயண கஜபதி ராவ் என்னும் செல்வர் இச்சிலையை நகருக்கு அளித்தார். மகாராணியின் பெயரால் வந்த 1858-ஆம் ஆண்டுப் பிரகடனம், மக்களின் சமயத்தில் அரசு தலையிடாது என்றும், அரசுப் பணிகளில் இன, சமய வேறுபாடு பாராது என்றும் உறுதி கூறியது. அவ்வுறுதியைச் சுட்டிக்காட்டியே நம் முன்னோர் பலர் உரிமை கேட்டனர். இதை மறைப்பது நேர்மையன்று.

ஆனால் மற்றொன்றையும் மறைத்தலாகாது. 1877 சனவரி முதல் நாள், அவரை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் தில்லியில் கோலாகலமாக நடந்தது. அவ்வேளையில் சென்னை மாகாணம் பெரும் பஞ்சத்தில் வாடிக்கொண்டிருந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் மாண்டோர் பல இலட்சம். நிவாரண வேலைக்கு வந்த ஆண் ஒருவருக்கு, நாளெல்லாம் உழைத்ததற்கு ஒரு காலத்தில் கிடைத்தது ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவுமே. அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியம்! அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி, பஞ்ச நிவாரண வேலையாக அவ்வாண்டுகளில் வெட்டப்பட்டதே. சிலையிலிருந்து சிறிது தொலைவில் அது இன்றும் கிடக்கிறது. சிலையை அளித்தவரின் பெயரை நாம் அறிவோம். கால்வாயில் மண் சுமந்தவரின் பெயரை அறிவோமா?

திரும்பும் வழியில், சிலையை அகற்ற வேண்டும் என்று சிலரும், வரலாறாக இருக்கட்டும் என்று சிலரும் வாதிட்டனர். நாம் அவர்களுக்கு நம் பக்கத்துக் கதையொன்றைச் சொன்னோம். முன்பு நம் செங்கோட்டைப் பகுதி திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அதன் தலைநகரான திருவனந்தபுரத்தில் இதே மகாராணியின் பெயரால் ஜூபிலி மண்டபம் ஒன்று 1896-இல் எழுந்தது. அங்குக் கூடிய பிரஜா சபையில், 1912-இல் ஒடுக்கப்பட்ட உழைப்பாளிகளுக்காகப் பேசியவர் அய்யன்காளி. 2019-இல் அம்மண்டபத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. கட்டடம் இடியவில்லை, மறக்கப்பட்ட பெயர் மேலேறியது.

ஊர் வந்து சேர்ந்ததும் நம் மனம் நம்மையே குத்தியது. நம் பங்கில் புதிதாகக் கட்டிய சமூகக்கூடத்தின் கல்வெட்டில் நம் பெயரை முதல் வரியில் பொறிக்கப் பெரியவர்கள் தீர்மானித்திருந்தனர். "வேண்டாம்" என்று நாமும் சொன்னோம். ஆனால் மெல்லத்தான் சொன்னோம். எவர் காதிலும் விழாத அளவுக்கு மெல்ல.

மறுநாள் அவர்களை அழைத்து, இம்முறை உரக்கவே சொன்னோம். கூலி பெற்றும் பெறாமலும் கல்லும் மண்ணும் சுமந்தவர்களின் பெயர்களைத் தொகுக்கத் தொடங்கினோம். நாற்பத்தேழு பெயர்கள் சேர்ந்தன. கல் அதற்குப் போதாது என்றார் கொத்தனார். பெரிய கல்லாக வாங்கச் சொல்லியிருக்கிறோம்.

அந்தப் பையனின் தாய் பெயரும் அதில் இருக்கிறது.