ஐந்து மணிக்கே இருட்டு

டிசம்பர் மாலை 5 மணி. சென்னையில் இன்னும் வெயில். அந்தமானின் ஜங்லிகாட்டில் சூரியன் மறைந்துவிடுகிறது. கடிகாரம் ஒன்றுதான், இருட்டு வேறு. போர்ட் பிளேரின் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இந்த மீன்பிடித் துறைக்குப் பெருநிலத்திலிருந்து மின்கம்பி கிடையாது. கப்பலில் வரும் டீசல்தான் பெரும்பாலும் மின்சாரமாகிறது. 2020இல் என்.எல்.சி. 20 மெகாவாட் சூரிய மின்சாரம் சேர்த்த பிறகும் டீசலை விட முடியவில்லை.

ஆகவே, கையால் விளக்கு செய்து பார்க்கும் பொழுதுபோக்குக்கு இங்கே மதிப்பே தனி. 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தந்துவிடும். சின்ன சோலார் தகடும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியும் இருந்தால் ராத்திரி ஐந்து மணி நேரம் எரியும். எதிரி, உப்புக் காற்று. செம்புக் கம்பியின் முனை பச்சை பூத்து அரித்துப்போகும். ஈயம் பற்றவைத்து, சிலிகான் பசையால் மூடினால் தப்பும். மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும், கடல் தாண்டி வரவேண்டாத சுமார் கால் லிட்டர் டீசல்.