பிசையாத ரொட்டியும் கைப்பக்குவமும்

ரொட்டி என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது காய்ச்சல்தான். உடம்பு சுகமில்லாத நாளில் மட்டும் வீட்டுக்குள் நுழையும் பண்டம் அது. கையில் ஒரு ரொட்டிப் பொட்டலமும் நாலு சாத்துக்குடியுமாக ஒருவர் செங்கற்பட்டுப் பேருந்தில் ஏறினால், அவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்று நடத்துனருக்கே தெரிந்துவிடும். இலங்கைத் தமிழர் இதனைப் ‘பாண்’ என்பர்; போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல். அங்கே பாணும் சம்பலும் அன்றாட உணவு. இங்கேயோ இட்லி வீட்டுக்காரி. ரொட்டி எப்போதாவது வந்து போகும் விருந்தாளி.

அப்படியிருக்க, இட்லிக்கடைக்காரியின் மகனான நான் ரொட்டியைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? காரணம் இருக்கிறது. ‘கைப்பக்குவம்’ என்று ஒரு சொல்லை நாம் நாள்தோறும் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு ரொட்டி.

மாமல்லபுரத்திற்கும் சதுரங்கப்பட்டினத்திற்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியது எங்கள் ஊர். வீட்டுத் திண்ணைதான் கடை. விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் இட்லிப் பானையில் ஆவி கிளம்பிவிடும். கடலுக்குப் போய் வந்தவர்கள், கல்பாக்கம் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள், சிற்பப் பட்டறைக்குச் செல்லும் இளைஞர்கள் என்று ஏழு மணிக்குள் திண்ணை நிறைந்து காலியாகும். மாவை அரைப்பது கிரைண்டர்தான். ஆனால் அரிசி மாவையும் உளுந்து மாவையும் ஒன்றாக்கிக் கரைப்பது அம்மாவின் வலக்கை. ‘அந்தக் கை பட்டால்தான் மாவு பொங்கும்’ என்று ஊரில் சொல்வார்கள். கலியாண வீடுகளுக்குக்கூட மாவு கரைத்துக் கொடுக்க அம்மாவைக் கூப்பிடுவது உண்டு.

2023ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒருநாள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. செங்கற்பட்டில் பன்னிரண்டு நாட்கள் ஆஸ்பத்திரி வாசம். பேச்சு திரும்பியது, கால் திரும்பியது, வலக்கை மட்டும் திரும்பவில்லை. அங்கே காலையில் பாலும் ரொட்டியும் கொடுப்பார்கள். ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு அம்மா மெல்லச் சொன்னார்கள்: “பஞ்சாட்டம் இருக்கு கண்ணு. மாவு புளிக்கவே இல்ல. அவசரத்துல செஞ்சிருக்காங்க.” நோயின் நடுவிலும் மாவைப் பற்றித்தான் பேச்சு. அக்காவும் நானும் சிரித்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. கடை மூடிக் கிடந்தது. பாக்கெட் மாவு வாங்கி அக்கா இட்லி வார்ப்பாள். அம்மா ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார்கள். சமையலறை வாசற்படியைத் தாண்டுவதே இல்லை. “கை போச்சு, எல்லாம் போச்சு” என்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வைத்தியரின் மருந்து நோய்க்கு. இந்த உட்காருதலுக்கு யாரிடம் மருந்து கேட்பது?

அந்தக் கோடை விடுமுறையில் வீட்டுச் செலவுக்காக மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் ஒரு சிறிய உணவு விடுதியில் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்ந்தேன். வெளிநாட்டுப் பயணிகள் வந்து தங்கும் தெரு அது. அங்கே சமையல் பார்த்த அண்ணன் தினமும் இரவில் கடையடைக்கும்போது ஒரு பிளாஸ்டிக் வாளியில் மைதாவையும் தண்ணீரையும் கொட்டி, கரண்டியால் பத்துச் சுற்றுச் சுற்றி, மூடி வைத்துவிட்டுப் போய்விடுவார். காலையில் பார்த்தால் வாளி நிறையப் பொங்கி, மேலெல்லாம் குமிழி விட்டிருக்கும். அதைத்தான் ரொட்டியாகச் சுடுவார்.

“பிசைய வேண்டாமா அண்ணா?” என்று கேட்டேன்.

“அது தூங்கட்டும் தம்பி. தூங்கி எழுந்தா தானே பிசைஞ்சுக்கும்” என்றார்.

வேதியியல் மாணவனாகிய எனக்கு அந்தப் பதில் போதவில்லை. புத்தகங்களைப் புரட்டியபோது விளங்கியது. கோதுமை மாவில் கிளையாடின், குளூட்டெனின் என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் இவை ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் என்னும் வலையாகின்றன. ஈஸ்ட் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளியிடுகிறது. வாயு வலைக்குள் சிக்கிக்கொள்ள, மாவு உப்புகிறது. நாம் பிசைவது அந்த வலையை விரைவாகப் பின்னுவதற்கே. தண்ணீரையும் நேரத்தையும் தாராளமாகக் கொடுத்துவிட்டால் வலை தானாகவே பின்னிக்கொள்ளும். உள்ளே எழும் குமிழிகளே மாவை இழுத்து நீட்டிவிடுகின்றன.

இது இன்று நேற்றுக் கண்டதும் அன்று. இங்கிலாந்தில் டோரிஸ் கிராண்ட் என்ற அம்மையார் தாம் ரொட்டி மாவைப் பிசைய மறந்தே போயிருந்ததையும், ரொட்டி நன்றாகவே வந்ததையும் கண்டு, 1940களில் பிசையாத முழுக்கோதுமை ரொட்டியைப் பரப்பினார். நியூயார்க்கில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஜிம் லேஹி என்பவரின் முறையை 2006 நவம்பரில் மார்க் பிட்மன் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளேட்டில் எழுதினார். உலகெங்கும் வீடுகளில் அந்த ரொட்டி சுடப்பட்டது. கால் தேக்கரண்டி ஈஸ்ட், பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரக் காத்திருப்பு, சூடேற்றிய கனமான மூடிய பாத்திரம் - அவ்வளவுதான் அதன் இரகசியம்.

இதற்கு நேர்மாறான வழியும் ஒன்று உண்டு. 1961இல் இங்கிலாந்தில் சோர்லிவுட் என்ற ஊரிலிருந்த ஆய்வுக்கூடம், இயந்திரத்தால் மாவை மிக வேகமாக அடித்து, நீண்ட நேரம் புளிக்க வைக்கும் வேலையையே நீக்கிவிடும் முறையைக் கண்டுபிடித்தது. ரொட்டி மலிவாயிற்று, மென்மையாயிற்று. ஆனால் காலம் மட்டுமே தரக்கூடிய மணமும் புளிப்பும் அதில் எப்படி இருக்கும்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ‘அவசரத்துல செஞ்சிருக்காங்க’ என்று அம்மா சொன்னது என் காதில் மீண்டும் ஒலித்தது. எந்தப் புத்தகமும் படிக்காமல் ஒரு துண்டு ரொட்டியில் அவர்கள் அதைக் கண்டுகொண்டார்களே!

மாவைப் புளிக்கவிட்டுப் பொங்க வைப்பது நமக்குப் புதிதா என்ன? அரிசியிலும் உளுந்திலும் குளூட்டன் இல்லை. உளுந்தின் வழவழப்புத்தான் அங்கே வாயுவைப் பிடித்து வைக்கிறது. லூக்கனோஸ்டாக் என்ற நுண்ணுயிர் முதலியவை பொங்க வைக்கின்றன. ஆப்பத்திற்குக் கள் விட்டுக் கரைத்த காலமும் நம்மிடம் உண்டு. 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்ததால் அது பாட்டிமார் பேச்சோடு நின்றுவிட்டது. கோவாவில் ரொட்டி சுடுவோரும் முற்காலத்தில் ஈஸ்டுக்குப் பதிலாகக் கள்ளைத்தான் ஊற்றினார்கள். ஆக, ரொட்டியும் ஆப்பமும் ஒரே குடும்பம். பொறுமையில் பிறந்த குடும்பம்.

ஒரு சனிக்கிழமை இரவு வேலை முடிந்து வந்து, எங்கள் சமையலறையில் மாவை எடுத்து வைத்தேன். மைதா 200 கிராம், கோதுமை மாவு 200 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, ஈஸ்ட் கால் தேக்கரண்டி, தண்ணீர் 300 மில்லி. கரண்டியால் கலந்து மூடினேன். “நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருக்கணும்மா. பதினெட்டு மணி நேரம்” என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். “சித்திரை வெயில்ல பதினெட்டு மணி நேரமா? எந்த ஊர் கணக்கு கண்ணு அது?”

“அமெரிக்கா கணக்கும்மா.”

“அவங்க ஊர் குளிர்ல அவங்க மாவு தூங்கும். நம்ம ஊர் மாவு தூங்குமா? விடிகாலையில எழுப்பு என்னை.”

ஆறு மாதத்திற்குப் பிறகு அம்மா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். சொன்னபடி விடியற்காலையில் எழுப்பினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டி வந்து, மூடியை இடக்கையால் விலக்கி முகர்ந்தார்கள். பாத்திரத்தின் விளிம்பில் காதை வைத்துக் கேட்டார்கள். மெல்லிய இரைச்சல், குமிழிகள் வெடிக்கும் சத்தம். “இப்பவே எடு. இன்னும் ஒரு மணி நேரம் போனா அமுங்கிடும்” என்றார்கள். ஏழே மணி நேரம்தான் ஆகியிருந்தது. விதிமுறை எழுதியவர்களின் அறை வெப்பம் இருபத்தொரு டிகிரி. எங்கள் சமையலறையில் முப்பத்திரண்டுக்குக் குறையாது. வெப்பம் கூடினால் வினை விரைவாகும் என்று வகுப்பில் படித்ததை, அம்மா மூக்கால் படித்திருந்தார்கள்.

எங்களிடம் ரொட்டி அடுப்பு ஏது? அம்மாதான் வழி சொன்னார்கள். வேர்க்கடலை வறுப்பதற்காகப் பாலாற்று மணல் ஒரு டப்பாவில் இருந்தது. கடல் மணல் உப்பு, அது ஆகாது. இரும்புச் சட்டியில் மணலைப் பரப்பிச் சவுக்கு விறகில் இருபது நிமிடம் சூடேற்றினோம். எண்ணெய் தடவிய கிண்ணத்தில் மாவை வைத்து, அரை மணி நேரம் பொறுத்து, சட்டிக்குள் இறக்கினோம். இரும்பு மூடி போட்டு அதன்மேல் கொட்டாங்கச்சித் தணலைப் பரப்பச் சொன்னார்கள். கீழேயும் சூடு, மேலேயும் சூடு. மாவிலிருந்து வரும் ஆவி வெளியே போகாமல் உள்ளேயே சுற்றுவதால், மேல்தோல் உடனே இறுகாமல் மாவு நன்றாக எழும்பும். லேஹியின் கனமான பாத்திரம் செய்யும் வேலையும் இதுதான்.

முக்கால் மணி நேரம் கழித்து எடுத்தபோது, பொன்னிறத்தில் வெடிப்பு விட்டு உட்கார்ந்திருந்தது ரொட்டி. அம்மா அதைக் கவிழ்க்கச் சொல்லி, அடிப்புறத்தை இடக்கை விரலால் தட்டினார்கள். வெற்றுப் பானையைத் தட்டியதுபோல் ஓசை வந்தது. “வெந்துடுச்சு” என்றார்கள். ரொட்டி வெந்ததற்கு அந்த ஓசையே அடையாளம் என்று உலகமெங்கும் ரொட்டி சுடுகிறவர்கள் சொல்கிறார்கள். அம்மாவுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மண்பானை வாங்கப் போகும்போது தட்டிப் பார்க்கும் பழக்கம் அது. ஆறிய பிறகு ஒரு துண்டை வாயில் வைத்தவர்கள், “இது புளிச்ச மாவு” என்றார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு அவர்கள் அகராதியில் கிடையாது.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் மாவு தூங்கியது. இரத்த அழுத்தம் இருப்பதால் அம்மா உப்பைக் குறைக்க வேண்டும் என்பது வைத்தியரின் கட்டளை. ஆகவே உப்பைப் பாதியாக்கினோம். உப்பு ஈஸ்டின் வேகத்தைக் கட்டுப்படுத்தக் கூடியது. அது குறைந்ததும் மாவு இன்னும் முந்தியே பொங்கியது. அதையும் அம்மாவே கணக்கிட்டு எனக்குச் சொன்னார்கள். மழை நாளில் ஒரு கணக்கு, வாடைக்காற்று வீசும் மார்கழியில் ஒரு கணக்கு.

வலக்கை இன்றும் திரும்பவில்லை. ரொட்டி அதைக் குணப்படுத்திவிட்டது என்று எழுதினால் அது கதையாகிவிடும். ஆனால் ஒரு காரியம் நடந்தது. ரொட்டிக்காக வாசற்படியைத் தாண்டிய அம்மா, ஒருநாள் அக்காவிடம், “பாக்கெட் மாவு வேணாம். உளுந்து ஊற வை” என்றார்கள். இப்போது மாவைக் கரைப்பது அக்காவின் கை. ‘போதும்’ என்பதும் ‘இன்னும் கொஞ்சம் தண்ணி’ என்பதும் அம்மாவின் வாய். திண்ணைக் கடை முன்போல் முழு நேரம் இல்லை, காலை இரண்டு மணி நேரம்தான். ஆனாலும் பழைய ஆட்கள் வருகிறார்கள். “கை மாறலியே!” என்று ஒரு மீனவப் பெரியவர் சொன்னபோது, அக்காவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கைப்பக்குவம் என்பது கையில் இருக்கிறது என்றுதான் ஊரே நம்பியது, அம்மாவும் நம்பினார்கள். கையே படாத ஒரு மாவு வந்துதான் அது மூக்கிலும் காதிலும் கண்ணிலும், எத்தனையோ விடியற்காலைகளின் நினைவிலும் இருக்கிறது என்று காட்ட வேண்டியிருந்தது. நம் வீடுகளில், ‘இனி நம்மால் என்ன ஆகும்’ என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர்! அவர்களிடம் நாம் மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்கிறோம். மாவு பதமாக இருக்கிறதா என்று கேட்கிறோமா?

நண்பர்களே, அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது 400 கிராம் மாவும் கால் தேக்கரண்டி ஈஸ்டும் வாங்கிச் செல்லுங்கள். இரவில் கலந்து மூடி வையுங்கள். எப்போது எடுப்பது என்பதை மட்டும் கடிகாரத்திடம் கேட்காதீர்கள். வீட்டில் மாவு அறிந்தவர் ஒருவர் இருப்பார், அவரிடம் கேளுங்கள்.