ஒரு புள்ளியா, இரண்டா?

சோழிங்கநல்லூரில் பணிபுரியும் நம் மகன் சென்ற மாதம் பெரும்பாக்கத்து வீட்டுக்குப் புதிய கணினித் திரையொன்றைக் கொண்டுவந்தான். "அத்தா, இது 4கே. ஹஜ்ரத் அவர்களின் பாடத்தை இனி இதில் பாருங்கள்" என்றான். நமக்கு உள்ளூர ஓர் ஆவல் எழுந்தது.

மர்ஹூம் உஸ்தாத் அவர்கள் 2014இல் நடத்திய கடைசிப் பாடத்தை மாணவர் ஒருவர் எச்.டி. காணொளியாகப் பதிந்து வைத்திருந்தார். அதில் ஓரிடத்தில் ஹஜ்ரத் தம் கிதாபை உயர்த்திக் காட்டுவார்கள். ஓரத்தில் அவர்கள் கைப்பட எழுதிய ஒரு குறிப்பு. அதில் மூன்றெழுத்துச் சொல் ஒன்று. முதலெழுத்தின் வயிற்றில் புள்ளி இருந்தால் அது 'ஜபல்', மலை. இல்லையேல் 'ஹப்ல்', கயிறு. அடுத்த எழுத்தாகிய 'பா'வுக்கும் கீழேதான் புள்ளி என்பதால், அங்கே தெரியும் கறுப்பு ஒரு புள்ளியா, ஒட்டிய இரண்டா என்பது விளங்கவில்லை. நாமோ பத்தாண்டுகளாக மாணவர்களுக்குக் 'கயிறு' என்றே உரைத்து வந்திருக்கிறோம்.

புதிய திரையில் படம் மெழுகியது போல் வழவழப்பாக வந்தது. ஹஜ்ரத்தின் தாடி நரையைக் கண்டு கண் கலங்கினோம். புள்ளி மட்டும் பிடிபடவில்லை. காரணத்தை மகன் கணக்காகவே சொன்னான். எச்.டி. படத்தில் அகலவாட்டில் 1920, உயரவாட்டில் 1080, ஆக 20,73,600 புள்ளிகள். இத்திரையில் 3840க்கு 2160, அதாவது 82,94,400. ஒன்றை நான்காகப் பரப்பியாக வேண்டும். இடைவெளியை அண்டைப் புள்ளிகளின் நிறத்தைக் கொண்டு இயந்திரம் தானே நிரப்புகிறது. பதிவு செய்யும்போதே கோப்பின் சுமையைக் குறைக்க நுண்மைகள் கழிக்கப்பட்டும் விடுகின்றனவாம். கூர்மையைக் கூட்டிப் பார்த்தோம். எழுத்தின் விளிம்பில் வெள்ளைக் கோடு முளைத்ததே மிச்சம்!

ஊகித்துப் படிப்பது நமக்குப் புதிதன்று. ஏட்டுச்சுவடியில் எழுத்தாணி ஓலையைப் பொத்துவிடும் என்று புள்ளியை விட்டுவிடுவார்கள். எகரமா ஏகாரமா என்பதைப் பொருள் நோக்கியே துணிய வேண்டும். 2022 முதல் நம் பெரும்பாக்கத்திலேயே கட்டடம் கொண்டிருக்கும் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தாருக்கு இதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. கண் பெறுவது ஒளியை. அதை இன்னதென்று அறிவதில் மனத்தின் தீர்ப்பும் கலந்திருக்கிறது என 11ஆம் நூற்றாண்டிலேயே 'கிதாபுல் மனாழிர்' நூலில் இப்னுல் ஹைதம் விளக்கியிருக்கிறார். ஆயினும் சுவடி படிப்பவர் பொருளறிந்து ஊகிக்கிறார். அன்று நம் திரை அண்டை நிறத்தை மட்டுமே கேட்டு ஊகித்தது. அதன் வழவழப்பை நம்பித் தீர்ப்புச் சொல்ல நமக்கு மனம் ஒப்பவில்லை.

மகனிடம் படத்தைப் பழைய அளவிலேயே, திரையின் காற்பங்கில் வைக்கச் சொன்னோம். சிறியதாக இருந்தாலும் பதிவில் உள்ளது உள்ளபடி இருந்தது. கறுப்பு கறுப்பாகவே நின்றது.

கிதாப் ஹஜ்ரத்தின் பேரரிடம் ஊரில் இருக்கிறது. வரும் வியாழன் இரவு ரயிலுக்குச் சீட்டெடுத்தாயிற்று. கைப்பையில் பூதக்கண்ணாடியும் இருக்கிறது. அதுவரை அந்தப் பாடத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம். ஏனென்று கேட்ட மாணவர்களிடம் காரணத்தையும் சொல்லிவிட்டோம்.