தனி வண்டி, பொது மின்சாரம்

நார்வேயில் 2024ஆம் ஆண்டு விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு 89 மின்சாரக் கார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், பதிவிலிருக்கும் மின்சாரக் கார்களின் எண்ணிக்கை பெட்ரோல் கார்களின் எண்ணிக்கையைத் தாண்டியது. இரண்டும் ஏழரை லட்சத்தைச் சுற்றித்தான் இருந்தன. இந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றே: "எந்தக் கார் நல்ல கார்?" ஆஸ்லோவில் குடித்தனம் நடத்தி, இரண்டு பிள்ளைகளோடு பல பனிக்காலங்களை மின்சாரக் காரில் கடந்தவள் நான். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: ராத்திரி வண்டி நிற்கிற இடத்தில் பிளக் இருக்கிறதா?

எங்கள் ஊர் திருமலை. ஆரணிக்கும் போளூருக்கும் நடுவில், வடமாதிமங்கலம் பக்கம். ராஜராஜனின் அக்கா குந்தவை பேரில் சமணக் கோயில் உள்ள ஊர். மலையில் செதுக்கிய நேமிநாதரைப் பார்க்க வடக்கிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். அப்பா ஆரணியில் ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவு சங்கத்தில் உறுப்பினராக இருந்தார். சங்கத்திலிருந்து பாவும் ஜரிகையும் வாங்கிவந்து, குழித்தறியில் சேலை நெய்து, கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்குவார். தறி எங்களுடையது, பட்டு சங்கத்துடையது. எங்கள் வீட்டு மின்சாரக் காரும் அப்படித்தான் ஓடுகிறது. வண்டிக்குப் பணம் கொடுத்தது நாங்கள். அதை ஓடவைப்பது ஒரு கூட்டுறவு.

நார்வே இந்த நிலைக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1989இல் 'ஆ-ஹா' இசைக்குழுவின் மார்ட்டன் ஹார்கெட்டும் மாக்னே ஃபுருஹோல்மெனும், பெல்லோனா என்ற சூழலியல் அமைப்பின் ஃபிரெடெரிக் ஹாவ்கேயும் சேர்ந்து, மின்சாரத்துக்கு மாற்றிய ஒரு ஃபியட் பாண்டா காரை ஸ்விட்சர்லாந்திலிருந்து கொண்டுவந்தார்கள். சுங்கச் சாவடியில் பணம் கட்ட மறுத்து ஓட்டினார்கள். அபராதம் வந்தது, கட்டவில்லை. காரைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டார்கள். ஏலத்தில் இவர்களே எடுத்து மறுபடியும் ஓட்டினார்கள். அந்தப் பிடிவாதம் வீண்போகவில்லை. 1990இல் மின்சாரக் காருக்கு இறக்குமதி வரி தற்காலிகமாக நீங்கியது. 1997இல் சுங்கக் கட்டணம், 2001இல் மதிப்புக்கூட்டு வரி என ஒவ்வொன்றாக விலகின. 2005இல் பேருந்துத் தடத்திலும் மின்சாரக் காருக்கு வழிவிட்டார்கள். எத்தனையோ அரசுகள் மாறின, கொள்கையின் திசை மாறவில்லை. சாதாரணக் குடும்பம் பத்து வருஷக் கடன் போட்டு ஒரு பொருளை வாங்க அந்த உறுதி வேண்டும்.

இதில் நம் பக்கத்துப் பங்கும் உண்டு. பெங்களூரில் 2001இல் வந்த ரேவா என்ற குட்டி மின்சாரக் கார் லண்டனில் மட்டுமல்ல, நார்வேயிலும் ஓடியது. அதற்கும் முன்னால், 1993இல் சாலக்குடியிலும் கோயம்புத்தூரிலும் 'லவ்பேர்ட்' என்றொரு இரண்டு இருக்கை மின்சாரக் காரைச் செய்தார்கள். விற்றது மிகச் சொற்பம். செய்யத் தெரிந்தவர்கள் நம்மிடம் அப்போதே இருந்தார்கள். வாங்குகிறவர் பின்னால் நிற்க ஓர் ஏற்பாடுதான் இல்லை.

கார் வாங்கலாம் என்று நானும் என் கணவரும் பேச ஆரம்பித்தபோது, பக்கத்து வரிசையில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவரிடம் யோசனை கேட்டோம். இளவயதில் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் ஆலையில் வேலை செய்து, பிறகு ஆஸ்லோவுக்கு வந்தவர். இந்நாட்டுக் குளிரை அவரைப்போல் அறிந்தவர் எங்கள் பக்கத்தில் இல்லை. அவர் சொன்னது: "பிள்ளை, காரைப் பாக்க முதல் பிளக் எங்கை இருக்கெண்டு பாருங்கோ. பிளக் இருந்தால் எந்தக் காரும் ஓடும். இல்லையெண்டால் எந்தக் காரும் கரைச்சல்தான்."

எங்கள் குடியிருப்பு ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவு. எல்லாருக்கும் பொதுவாக நிலத்தடி வாகன நிறுத்தம். அங்கே விளக்குக்கு மட்டும்தான் மின்சாரம் இருந்தது. அடுக்ககத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு 2018இலும், வீட்டுவசதிக் கூட்டுறவு உறுப்பினர்களுக்கு 2021இலும் நார்வே சட்டம் ஓர் உரிமையைத் தந்தது. உறுப்பினர் சார்ஜ் வசதி கேட்டால், தக்க காரணமில்லாமல் நிர்வாகக் குழு மறுக்கக் கூடாது. ஆண்டுப் பொதுக்குழுவில் அந்த வருஷம் அதுதான் பேச்சு. "கார் இல்லாத நான் எதற்குப் பணம் தர வேண்டும்?" என்று ஒரு மூதாட்டி கேட்டார். நியாயமான கேள்வி. அப்பாவின் சங்கத்திலும் புது ஜக்கார்டு பெட்டி வாங்கக் கடன் எடுக்கும்போது, தறியை நிறுத்திவிட்ட வயசானவர்கள் இதையே கேட்பார்கள். கடைசியில் இங்கே எடுத்த முடிவு: சுவரோரம் ஓடும் பிரதான கம்பிக்குச் செலவு சங்கத்துடையது, அதிலிருந்து தன் இடத்துக்குப் பெட்டி வைக்கிறவர் அதற்கும் தன் யூனிட்டுக்கும் தானே கட்ட வேண்டும். அந்த மூதாட்டியும் கை தூக்கினார்.

அந்தப் பெட்டிகள் வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. கட்டடத்துக்கு வரும் மின்சாரத்துக்கு ஓர் அளவு உண்டு. சாயங்காலம் எல்லா வீட்டிலும் அடுப்பும் ஹீட்டரும் ஓடும் நேரத்தில் எல்லாக் காரும் ஒன்றாக இழுத்தால் ஃபியூஸ் போய்விடும். அதனால் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு, மிச்சமிருக்கும் மின்சாரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்பது மணிக்குச் சொட்டுச் சொட்டாக ஏறும் எங்கள் கார், ஊர் அடங்கிய பிறகு வேகம் பிடிக்கும். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது எல்லாக் காரும் தயார். ராத்திரி யூனிட் விலையும் பெரும்பாலும் குறைவு. பங்கிட்டுக்கொண்டால் புதுக் கம்பி இழுக்காமலே நிறையப் பேருக்குப் போதும் என்பதை நான் அந்த நிலத்தடியில்தான் கண்ணால் பார்த்தேன்.

பிளக் உறுதியான பிறகுதான் கார் தேடினோம். விளம்பரத்தில் போடும் தூரத்தை நம்ப வேண்டாம் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். நார்வே வாகன ஓட்டிகள் சங்கம் கோடையில் ஒருமுறை, பனியில் ஒருமுறை, கார்களை வரிசையாக விட்டு, பேட்டரி தீர்ந்து நிற்கும்வரை ஓட்டிப் பார்த்து முடிவுகளை வெளியிடுகிறது. நாங்கள் அந்தப் பனிக்கணக்கைத்தான் பார்த்தோம். 400 கிலோமீட்டர் என்று எழுதியிருந்தால் கடுங்குளிரில் 300ஐ நம்பலாம், சிலவற்றில் அதுவும் வராது. வெப்பப் பம்பு இருக்கிறதா, இருக்கை உயரமா என்று பார்த்தோம். அம்மா வந்து தங்கும்போது முழங்கால் வலியோடு குனிந்து ஏறக் கூடாது. மகளின் மிருதங்கமும் 25 கிலோ அரிசி மூட்டையும் பின்னால் ஒன்றாக அடங்குமா என்றும் பார்த்தோம். புதுக் கார் வாங்கும் வசதி அப்போது இல்லை. நாலு வருஷம் ஓடிய காரை, பேட்டரியின் நலத்தைச் சோதித்த சான்றிதழோடு வாங்கினோம்.

பனிக்காலத்தில் இந்தக் காரோடு வாழ்வதற்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. மலை வீடுகளில் தங்கி வெளியே நிறுத்திவைத்தால், மைனஸ் 15 டிகிரியில் சார்ஜ் கேபிள் விறைத்துக் கம்பாக நிற்கும். சார்ஜ் மூடியின் ஓரத்தில் ஐஸ் பிடித்திருக்கும்; கையுறையோடு மெல்லத் தட்டித்தான் திறக்க வேண்டும். குளிர்ந்த பேட்டரிக்குள் அயனிகள் மெதுவாகத்தான் நகரும். வேகச் சார்ஜும் ஏறாது, பிரேக் போடும்போது திரும்பிவரும் மின்சாரத்தையும் அது சரியாக வாங்கிக்கொள்ளாது. ஆகவே கிளம்புவதற்கு அரை மணி முன்பே, பிளக்கில் இருக்கும்போதே, செல்போன் வழியாக உள்ளே சூடேற்றிவிடுவோம். அந்தச் சூட்டுக்கான மின்சாரம் சுவரிலிருந்து வருவதால் பேட்டரியில் உள்ளது பாதைக்கு மிஞ்சும். பிள்ளைகள் ஏறும்போது கண்ணாடியில் பனி இல்லை, இருக்கை வெதுவெதுப்பு. பெட்ரோல் புகையை மூடிய நிறுத்தத்தில் அவர்கள் சுவாசிப்பதும் இல்லை. தாயாக எனக்கு இதுதான் பெரிய லாபம்.

நெடுவழிப் பயணத்துக்குத் திட்டம் வேண்டும். ட்ரோன்ட்ஹைமுக்கு இ-6 நெடுஞ்சாலையில் சுமார் 500 கிலோமீட்டர். டோம்போஸில் நிறுத்திச் சார்ஜ் போட்டு, டிபன் கேரியரைத் திறந்து எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டு முடிப்பதற்குள் டோவ்ரே மலையைத் தாண்டப் போதுமான அளவு ஏறிவிடும். 80 விழுக்காட்டைத் தாண்டினால் ஏறும் வேகம் குறைந்துவிடும். ஈஸ்டர் விடுமுறையில் மலைப்பாதைச் சார்ஜ் நிலையங்களில் வரிசை நீளும்போது, 80 ஆனதும் எடுத்துவிட்டு அடுத்தவருக்கு இடம் விடுவதுதான் மரியாதை. யாரும் சொல்லிக் கொடுக்காமலே என் பிள்ளைகள் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நார்வேயின் மின்சாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நீர்மின்சாரம். அதே நாடு எண்ணெயும் எரிவாயுவும் விற்றுச் செல்வம் சேர்த்தது. வரியை விட்டுக்கொடுக்க அந்தச் செல்வம் தைரியம் தந்தது. வரிச்சலுகை முதலில் போய்ச் சேர்ந்தது புதுக் கார் வாங்க முடிந்த வீடுகளுக்கு. எங்களைப் போன்றவர்களுக்கு அது பழைய கார் வழியாகப் பிந்தித்தான் வந்தது. அரசும் இதை உணர்ந்து, 2023இல் 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட விலைப் பகுதிக்கு மதிப்புக்கூட்டு வரி போடத் தொடங்கியது. ஆஸ்லோ சாவடிகளில் மின்சாரக் காரும் இப்போது பணம் கட்டுகிறது. இது சரி என்றே நினைக்கிறேன். நகரத்துக்குள் போகும்போது நாங்களும் சுரங்க ரயிலில்தான் போகிறோம்.

இனி ஊர்ப் பேச்சு. என் தம்பி ஆரணியில் சேலை வியாபாரம் செய்கிறான். வேலூர், காஞ்சிபுரம், திருவண்ணாமலை என்று அவன் போகிற ஊர்களெல்லாம் 70 கிலோமீட்டருக்குள் அடங்கும். சின்ன மின்சாரக் கார் ஒன்று வாங்கினான். முதல் ராத்திரி வீட்டுப் பிளக்கில் மாட்டினால் சார்ஜரில் சிவப்பு விளக்குதான் எரிகிறது. போனில் பதறினான்: "அக்கா, வண்டியே கெட்டுப்போச்சா?" மறுநாள் வயர்மேன் வந்து பார்த்ததில், தாத்தா காலத்து வீட்டில் எர்த் கம்பி பெயருக்குத்தான் இருந்தது. சார்ஜர் எர்த் இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் மின்சாரத்தை உள்ளே விடும், இல்லையென்றால் மறுத்துவிடும். கொல்லையில் பள்ளம் தோண்டி, குழாய் இறக்கி, உப்பும் கரியும் போட்டு நிரப்பித் தண்ணீர் ஊற்றினார்கள். அன்று ராத்திரி விளக்கு பச்சையானது. வீட்டில் மிக்ஸியும் நூலைத் தார் சுற்றும் மோட்டாரும் இத்தனை வருஷம் எர்த் இல்லாமலே ஓடியிருக்கின்றன என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. கார் வந்ததால் வீடே பத்திரமானது.

கணக்குப் போட்டால் நம் ஊருக்கு வசதிகள் நிறைய. 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு சுமார் 3 யூனிட் ஏறும். எட்டு மணி நேரத்தில் 24 யூனிட். சின்னக் காருக்கு அது முழு பேட்டரி. தரைவீடு, வாசலிலேயே வண்டி, தலைமாட்டில் பிளக். சென்னை அடுக்ககத்தில் குடியிருப்பவருக்கு இந்த வசதி எளிதில் கிடைக்காது. வீட்டிலுள்ள இணைப்பிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. 2019 முதல் மின்சார வாகனத்துக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடுதான். பனி நமக்கு எதிரியில்லை, வெயில்தான். சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும் எங்கள் பக்கத்தில், பேட்டரியைத் திரவத்தால் குளிர்விக்கும் கார் மேல். முழு சார்ஜோடு வெட்டவெளியில் நாள்முழுக்க நிறுத்துவது கூடாது. ஒரு பந்தலோ வேப்பமர நிழலோ அவசியம்.

கவலையும் இருக்கிறது. கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரம் தருகிறது தமிழக அரசு. அது குழித்தறிக்கு மேல் எரியும் விளக்குக்கும் தார் சுற்றுவதற்கும் உரியது. காருக்கு ஏறும் யூனிட் அதைத் தின்றுவிடக் கூடாது. தனி மீட்டர் வேண்டும். தெரு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று எத்தனை காரைத் தாங்கும் என்பதையும் கார்கள் பெருகும் முன்பே பார்க்க வேண்டும். வசதியுள்ள நாலு வீட்டுக் கார்கள் சாயங்காலம் இழுக்கும் மின்சாரத்தால் அதே தெருவில் ஒரு தறி இருட்டில் நிற்கக் கூடாது.

தமிழ்நாடு இன்று மின்சார வண்டிகளைச் செய்யும் மாநிலம். ஓசூரில் ஏதர், போச்சம்பள்ளி பக்கம் ஓலா, 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை. பக்கத்து மாவட்டமான ராணிப்பேட்டையின் பனப்பாக்கத்தில் டாடா-ஜாகுவார் லேண்ட் ரோவர் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். ஆனால் 2023 மின்வாகனக் கொள்கை மின்வாகன நகரங்களாகப் பெயர் சொன்னது சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி ஆகிய ஆறை மட்டுமே. ஆரணி மாதிரி ஊர்கள் தங்களுக்குத் தாங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதற்குப் பழக்கப்பட்ட ஊர்தான் எங்களுடையது.

அதனால் தம்பியிடம் இப்போது ஒன்று கேட்டிருக்கிறேன். அப்பாவின் இடத்தில் அவன்தான் சங்க உறுப்பினர். அடுத்த பொதுக்குழுவில் சார்ஜ் நிலையம் பற்றித் தீர்மானம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். சங்கக் கட்டடத்தின் முற்றத்தில் தனி மீட்டரோடு ஒரு நிலையம். சேலை கொண்டுவரும் ஸ்கூட்டருக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் முதல் உரிமை, கார்கள் அதற்குப் பிறகு. ராத்திரி யூனிட்டைப் பங்கிட்டுக் கொடுக்கும் பெட்டிகள், வரும் லாபம் உறுப்பினர் நிதிக்கு. ஆஸ்லோவில் எங்கள் பொதுக்குழு எப்படிச் செலவைப் பிரித்தது என்ற கணக்கைத் தமிழில் எழுதி அனுப்பிவிட்டேன். "காரே வாங்காத நான் எதுக்குப் பணம் தரணும்?" என்று அங்கேயும் யாராவது நிச்சயம் கேட்பார்கள். அவருக்குச் சரியான பதில் சொல்லி, அவர் கையையும் தூக்க வைத்தால், அன்றைக்குத்தான் ஆரணிக்கு மின்சார வண்டி வந்ததாக நான் எடுத்துக்கொள்வேன்.