மேகக் கடலில் ஒரு தீவு

நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலமே தீவு என்று நாம் கற்றோம். அவ்வாறே வகுப்பறையில் கற்பித்தும் வருகிறோம். நீரில்லாத் தீவுகளும் உண்டென்பதைச் சென்ற விடுமுறையில் ரிவர்ஸ்டன் நமக்கு உணர்த்தியது.

பத்தாம் தர மாணவர் சிலருடன் மாத்தளையில் அதிகாலை பஸ் ஏறினோம். இரத்தோட்டையைக் கடந்து, தேயிலை முடிந்து, காடு தொடங்கியது. மேலேறியபோது பள்ளத்தாக்கெங்கும் வெண்மேகம் நிரம்பிக் கிடந்தது. ஓயாத காற்றில் மரங்கள் ஓங்கி வளரமாட்டாமல் கூனி நின்றன.

பாசி படர்ந்த கிளையொன்றை ஒரு மாணவன் சுட்டிக் காட்டினான். மூக்கின் நுனியில் இலைபோன்ற உறுப்புடைய ஓணான்! நக்கிள்ஸ் என்றும் தும்பறை என்றும் வழங்கும் இம்மலைத்தொடரை மகாவலிப் பள்ளத்தாக்கு மத்திய மலைகளிலிருந்து பிரித்து வைத்திருக்கிறது. பிரிவு நீண்டதால் உயிர்களும் வேறாயின. இவ்வோணான் உலகில் வேறெங்கும் இல்லை. 2006இல் தனி இனமென அறியப்பட்ட குள்ள ஓணானும் அத்தகையதே. 2010இல் யுனெஸ்கோ இக்காட்டை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

"இங்க மனுசரே இருந்ததில்லையா, சேர்?" என்றான் அவன்.

அருகில் நின்ற மாணவி நம்மை முந்திக்கொண்டாள்: "ஏன் இல்ல? எங்க அம்மாயி இந்தக் காட்டுலதான் ஏலக்காய் பறிச்சாங்க."

உண்மைதான். பெருமரங்களின் நிழலில் ஏலம் பயிராயிற்று. அதற்காக அடிக்காடு வெட்டப்பட்டது. காய் உலர்த்தும் சூளைகளுக்கு விறகும் இங்கிருந்தே சென்றது. காடு மெலியவே, பின்னாளில் ஏலச் செய்கை தடைசெய்யப்பட்டது. தடை நியாயமானதே. ஆயினும் இலாபம் எவர் பைக்குப் போயிற்று? கூலி எவருக்கு நின்றது?

"ஓணானுக்கு இடம் குடுத்தாச்சு. எங்க லயத்துக்கு மட்டும் ஏன் சேர் உறுதி இல்ல?"

நாம் வாயடைத்து நின்றோம். நாமும் லயத்தில் பிறந்தவரே. பட்டமும் பதவியும் பெற்றபின் அக்கேள்வியை மறந்திருந்தோம். கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல் அவள். 1948இன் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. குடியுரிமைக்கே 55 ஆண்டுகள் என்றால், காணிக்கு எத்தனை?

ஓணான் மீது அவளுக்குப் பகையில்லை. திரும்பும் வேளையில், கிளையை அசைக்க முயன்ற சிறுவனைத் தடுத்தவளும் அவளே. வாழுமிடத்தைப் பறிகொடுப்பது என்னவென்று அவளுக்குத் தெரியும்.

விடுமுறை முடிந்து வகுப்பில் தீவுக்கு இலக்கணம் கூறும்போது, நண்பர்களே, நாற்புறமும் தேயிலை சூழ்ந்த லயத்தையும் சேர்த்தே கூறுவோம்.