ஏறி இறங்கும் பட்டினம்

திருத்தூதர் பணிகள் நூலின் கடைசி அதிகாரத்தைப் படிப்போர் பெரும்பாலும் புத்தேயோலி என்னும் பெயரைக் கருதாமலே கடந்துவிடுகின்றனர். நம் முதியோர் சின்னப்பர் என்றழைத்த புனித பவுலடியார், கைதியாக உரோமைக்குச் செல்லும் வழியில் கப்பலை விட்டு இறங்கிய துறை அது. அங்கே முன்னரே இருந்த சகோதரர்களோடு ஏழு நாள் தங்கினார். இன்று அவ்வூரின் பெயர் பொத்சுவோலி. நேப்பிள்ஸ் நகருக்கு மேற்கே கடலோரத்தில் இருக்கிறது. 2023-இல் உரோமைக்குச் சென்றிருந்தபோது, அப்பழங்கரையைக் காணும் ஆவலால் நாமும் புகைவண்டியேறி அங்கே போனோம். ஆனால் அக்காலத்துக் கரையோரக் கட்டடங்களில் பெரும்பகுதி கடலுக்கடியில் கிடக்கிறது என்று அறிந்தோம். அலை அரித்துச் சென்றதன்று, மண்ணே தாழ்ந்துவிட்டது.

எரிமலை என்றதும் புகை கக்கும் சிகரமே நம் மனக்கண்முன் நிற்கும். நேப்பிள்ஸுக்குக் கிழக்கேயுள்ள வெசூவியஸ் அத்தகையது. மேற்கேயுள்ளதோ மலையன்று, பள்ளம். சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன்னும், பின்னர் சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன்னும் நிகழ்ந்த பெருவெடிப்புகளில் பூமிக்குள்ளிருந்த உருகிய பாறை வெளியேறவே, மேல்தரை உட்சரிந்து பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் அகலமான வட்டப் பள்ளம் உண்டாயிற்று. அதில் ஒரு பகுதி நிலம், ஒரு பகுதி கடல். 'எரியும் வயல்கள்' என்னும் பொருளில் காம்பி பிளெக்ரேய் என்பர். அதன் நடுவிலேதான் பொத்சுவோலி நகரம்! ஆழத்தில் உருகிய பாறையும் சூடேறிய நீராவியும் நெருக்க, பொங்கும் பாலின் ஆடைபோல் தரை மெல்ல எழும்புகிறது. நெருக்கம் தணிந்தால் தாழ்கிறது.

இதற்குச் சாட்சியாக ஊர் நடுவே மூன்று சலவைக்கல் தூண்கள் நிற்கின்றன. உரோமையர் காலத்துச் சந்தையின் தூண்கள் அவை. ஒவ்வொன்றும் நாற்பதடி உயரம். 1750-இல் தோண்டியபோது செராப்பிஸ் என்னும் தெய்வத்தின் சிலை கிடைத்தமையால் கோயில் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அடியிலிருந்து பன்னிரண்டடி வரை கல் வழுவழுப்பாக உள்ளது. அதற்குமேல் ஒன்பதடி அளவுக்கு, உளுத்த மரம்போல் துளைகள்! கல்லைக் குடைந்து வாழும் கடற்சிப்பி இட்ட துளைகள் அவை. கரையில் கட்டிய தூண்கள் கடலுள் இறங்கி, சிப்பிக்கு வீடாகி, மறுபடியும் மேலேறியிருக்கின்றன. அடிப்பகுதி அப்போது மண்ணுள் புதைந்திருந்ததால் தப்பியது. இத்தனைக்கும் தூண்கள் சாயவில்லை என்பதை நாம் நெடுநேரம் நின்று வியந்தோம். புவியியல் அறிஞர் சார்லஸ் லயல் 1830-இல் வெளியிட்ட தம் பெருநூலின் முகப்பில் இத்தூண்களின் படத்தையே வைத்தார்.

இவ்வூர் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு குழைத்தால் நீருக்குள்ளும் இறுகும் என்பதை உரோமையர் கண்டறிந்து துறைமுகங்கள் கட்டினர். நம் நாட்டுச் சிமெண்டு மூட்டைகளில் 'போஸோலானா' என்று அச்சிட்டிருப்பதைக் கொத்தனார்கள் அறிவர். அச்சொல் இவ்வூரின் பெயரிலிருந்து பிறந்ததே.

1538-இல் தரை உயர்ந்து கடல் பின்வாங்கியது. செப்டம்பர் 29-ஆம் நாள் நிலம் பிளந்தது. ஒரே வாரத்தில் நானூறடிக்கு மேற்பட்ட குன்று ஒன்று எழுந்து, திரிப்பெர்கோலே என்னும் வெந்நீர்க் குளிப்பிடச் சிற்றூரை மூடிவிட்டது. 'புதுமலை' என்றே இன்றும் அதற்குப் பெயர். பசுமை போர்த்தி ஒன்றுமறியாததுபோல் நிற்கிறது.

பேராலயம் நிற்கும் பாறைமேட்டின் பெயர் ரியோனே தேர்ரா. மிகப் பழைய குடியிருப்பு அது. பெரும்பாலும் மீனவரும் ஏழைகளும் வாழ்ந்தனர். 1970-இல் தரை உயர்வதைக் கண்டு அஞ்சிய அரசு, மார்ச்சு 2-ஆம் நாள் படைவீரரையும் காவலரையும் அனுப்பி, சுமார் 3,000 பேரையும் வெளியேற்றியது. 1982 முதல் 1984 வரை தரை மீண்டும் ஆறடி உயர்ந்தது. வீடுகள் விரிந்தன, பல்லாயிரம் பேர் மேட்டுப்புறத்தில் கட்டப்பட்ட மோந்தேருஷெல்லோ என்னும் புதுநகருக்குப் போயினர். துறைமேடை படகுகளுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. பின்னர்ச் சிறிது தாழ்ந்த தரை, 2005 முதல் மறுபடி ஏறத் தொடங்கி, 2025-க்குள் நான்கடியைத் தாண்டிவிட்டது.

1964-இல் தீப்பற்றிய பேராலயம் 2014-இல் மீண்டும் திறக்கப்பட்டது. தீயில் சுவர்கள் உதிர்ந்தபோது, உள்ளே மறைந்திருந்த உரோமைக் கோயிலின் தூண்கள் வெளிப்பட்டனவாம். அழகாகச் செப்பனிட்டிருக்கின்றனர். சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர். ஆனால் அங்கே வாழ்ந்த குடும்பங்கள் திரும்பிக் குடியேறவில்லை.

துறையில் வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த, அறுபதைத் தாண்டிய மீனவர் ஒருவரிடம், "இத்தனை ஆபத்திருந்தும் ஏன் இங்கேயே இருக்கிறீர்கள்?" என்று கேட்டோம். கேள்வியில் சிறிது கண்டிப்பும் இருந்திருக்கும். மறையுரை ஆற்றிப் பழகிய நாக்கு!

அவர் மேட்டைச் சுட்டிக்காட்டினார். "அங்கேதான் பிறந்தேன், தந்தையே. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, சில நாளில் திரும்பலாம் என்று சொல்லி அழைத்துப் போனார்கள். சாவியை அம்மா சாகும்வரை வைத்திருந்தாள். இன்னொரு முறை போ என்றால், எப்போது திரும்புவோம் என்று யாரிடம் கேட்பது?"

அறியாமையால் தங்கியிருக்கின்றனர் என்று எண்ணியிருந்த நமக்கு மறுமொழி தோன்றவில்லை.

மறு ஆண்டு மே 20-ஆம் நாள் அவ்வூரை 4.4 அளவுள்ள நிலநடுக்கம் தாக்கியது. பல குடும்பங்கள் வீடிழந்தன என்று நாளிதழில் படித்தோம். அம்மீனவரின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறதென்று கேளாமலே வந்திருந்தோம்.